பாதி கோல் யாருடையது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகளைத் தாண்டிக் கிழக்கே போகப் போக மண் உவர்ப்பாகும், மரங்கள் குறையும், கடைசியில் தரையும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும். பழவேற்காடு ஏரி. பெயர்தான் ஏரி, உள்ளபடி கடலோடு கலக்கும் உப்பங்கழி. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். இங்கே இறால் பிடிக்கிறவர்களிடம் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த இடத்தில் எந்த முறைக்கு யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே வாய்த்துவிடாது, மோசமான இடம் ஒருவர் தலையிலேயே விழுந்தும் விடாது. அதிர்ஷ்டம்கூட இங்கே வரிசையில் நிற்க வேண்டும்.

முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அலை படகைப் புரட்டும். மீன் இன்றைக்கு இருக்கிறதா என்று சீட்டுப்போட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

ஒரு கால்பந்து வீரர் கோல் அடித்ததும் ஏன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார் என்ற கேள்விக்கு, அறிவியலில் முதல் நல்ல பதில் இப்படிப்பட்ட ஓர் உப்பங்கழியிலிருந்துதான் வந்தது. பழவேற்காட்டிலிருந்து அல்ல, நியூ கினிக்குக் கிழக்கே இருக்கும் ட்ரோப்ரியாண்ட் தீவுகளிலிருந்து. போலந்தில் பிறந்த மானுடவியலாளர் ப்ரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே தங்கி மீனவர்களோடு பழகினார். உள்கழியில் மீன் பிடிப்பவர்கள் மீனை மயக்கும் தாவர நஞ்சைத் தண்ணீரில் கலந்து, அலுங்காமல் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த வேலையில் மந்திரமோ சடங்கோ இல்லை. அதே மக்கள் திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் படகுக்கு, வலைக்கு, காற்றுக்கு எனச் சடங்கு மேல் சடங்கு. 1925இல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம்: திறமையும் அறிவும் எட்டும் தூரம் வரை மனிதன் அவற்றையே நம்புகிறான், அவை முடியும் இடத்தில்தான் கை கூப்புகிறான்.

பின்னால் வந்தவர்கள் இதைத் திருத்தினார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையில் 1970களில் மீனவர்களின் விலக்குகளையும் நம்பிக்கைகளையும் ஆராய்ந்தவர்கள், அவற்றை வளர்ப்பது ‘மீன் கிடைக்குமோ’ என்ற கவலையைவிட ‘உயிரோடு திரும்புவோமோ’ என்ற கவலைதான் என்று கண்டார்கள். ஜார்ஜ் மெல்ஷ் என்பவர் முன்னாள் பேஸ்பால் ஆட்டக்காரர், பிறகு மானுடவியலாளர் ஆனவர். அவர் அதே கண்ணாடியோடு தன் பழைய மைதானத்தைப் பார்த்தார். பந்தைத் தடுத்துப் பிடிக்கும் வேலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறைக்கு மேல் வெற்றி கிடைக்கும், அங்கே சடங்கு கிட்டத்தட்ட இல்லை. பந்தை அடிக்கும் வேலையில் சராசரியாக நான்கில் ஒரு முறைதான் வெற்றி. அங்கேதான் அதிர்ஷ்ட சாக்ஸும் மாறாத காலை உணவும்.

தமிழ்நாட்டில் இந்தக் கடலும் இந்த மைதானமும் ஒன்றாகவே சேரும் இடம் பழவேற்காட்டிலிருந்து பார்த்தால் மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் நீரோடி முதல் இரையுமன்துறை வரை வரிசையாக எட்டு ஊர்கள், பொதுவாகத் தூத்தூர் மண்டலம் என்பார்கள். சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போவதில் இந்தியாவிலேயே பெயர்பெற்றவர்கள். கரையைவிட்டுக் கிளம்பினால் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்வார்கள். 1544ஆம் ஆண்டின் கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையின் முக்குவ மீனவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். இன்று ஊர் என்றால் பங்கு, தலைமை என்றால் பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும். திருவிழா என்றால் தேர், வாணவேடிக்கை, அதோடு கால்பந்துப் போட்டி. கோயில் முற்றத்து மணலில் வெறுங்காலில் ஓடிப் பழகிய பையன்கள், எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பொழியூரையும் சேர்த்துப் பார்த்தால், சந்தோஷ் டிராபி அணிகளுக்கும் தொழில்முறைக் கிளப்புகளுக்கும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று ஆடிய மைக்கேல் சூசைராஜ் இந்தக் கரைக்காரர். உடன்பிறந்த மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர்தான்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது இந்த ஊர்களின் படகுகள் பல ஆழ்கடலில் இருந்தன. திரும்பாதவர்களின் பெயர்கள் கோயில் சுவர்களில் பதாகைகளாகத் தொங்கின. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் மைதானத்துக்குள் நுழையும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வதை ‘மூடப்பழக்கம்’ என்று நகர்ந்துவிடுகிறவர், மலினோவ்ஸ்கியையும் படிக்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் படும். ஆட்டக்காரரின் உடம்பும் கடலுக்குப் போகும் உடம்புதான். 2020 நவம்பர் 20, ஐஎஸ்எல் கால்பந்துப் பருவத்தின் முதல் ஆட்டம், சூசைராஜ் ஏடிகே மோகன் பகான் சட்டையில். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆவதற்குள் முழங்கால் போய், ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். அந்தப் பருவம் முழுக்க அவருக்கு அவ்வளவுதான்.

சரி, கால்பந்து அப்படி என்ன நிச்சயமில்லாத ஆட்டம்? எண்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

கூடைப்பந்தில் ஓர் அணி நூறு புள்ளிக்கு மேல் எடுக்கிறது. அத்தனை முறை முயலும்போது சிறந்த அணியின் திறமை சராசரியாக மேலே வந்துவிடும். கால்பந்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 2.7 கோல். இவ்வளவு சிறிய எண்ணில் ஒரு சறுக்கல், ஒரு காற்று, ஒரு ரெஃப்ரியின் விசில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். இயற்பியலாளர் எலி பென்-நைம் தலைமையிலான குழு 2006இல் ஐந்து விளையாட்டுகளின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களைக் கணக்குப்போட்டுப் பார்த்தது. தரவரிசையில் கீழே இருக்கும் அணி மேலே இருக்கும் அணியை வீழ்த்தும் வாய்ப்பு, அமெரிக்கக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் நூற்றுக்கு 36 அளவு. இங்கிலாந்துக் கால்பந்தில் 45. அதாவது பூவா தலையா போடுவதற்குப் பக்கத்தில்.

இன்னும் உள்ளே போனார்கள் ஜெர்மனி ஆய்வாளர்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2012-13 முதல் 2018-19 வரை ஏழு பருவங்களில் விழுந்த 7,263 கோல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பந்து டிஃபெண்டரின் காலில் பட்டுத் திரும்பியதா, போஸ்ட்டில் மோதி உள்ளே போனதா, கீப்பர் கையில் தொட்டும் நழுவியதா, எதிரணிக்காரரே தெரியாமல் பாஸ் கொடுத்துவிட்டாரா என்று குறித்துக்கொண்டார்கள். நூற்றில் 46 கோல்களில் இப்படி ஏதாவது ஒரு தற்செயல் கலந்திருந்தது. அடித்தவர் நினைத்தபடியே நடந்தது என்று சொல்லக்கூடியவை பாதிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

ஸ்கோர் பலகையில் ஒரே பெயர்தான் வரும். மறுநாள் தலைப்பிலும் அதே பெயர். ஆனால் கோலடித்துவிட்டு விரலை மேலே நீட்டுகிறவர் ‘இது முழுக்க என் வேலையில்லை’ என்கிறார். யாருக்கு நன்றி சொல்கிறார் என்பது அவர் நம்பிக்கை. அதில் அறிவியலுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ‘முழுக்க என் வேலையில்லை’ என்ற பகுதி மட்டும் தலைப்பைவிடத் துல்லியமானது.

ஆட்டத்துக்கு முன் சொல்லும் ஜெபத்தின் கதை வேறு. அங்கே உடம்பில் அளக்கக்கூடிய சில விஷயங்கள் நடக்கின்றன.

பெனால்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்திலிருந்து கோல் கோடு 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து 0.4 விநாடியில் போய்ச் சேரும். கீப்பரின் கண் பார்த்து மூளை முடிவெடுக்கவே அதில் பாதி நேரம் போய்விடும், உடம்பைத் தூக்கிப் பாய மிச்சம் போதாது. ஆகவே ஊகித்துத்தான் பாய வேண்டும். 286 பெனால்டிகளை ஆராய்ந்த இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். நகராமல் நடுவில் நிற்பதுதான் பந்தைத் தடுக்க நல்ல வழி. ஆனாலும் நூற்றுக்கு 94 முறை கீப்பர் ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்துவிடுகிறார். சும்மா நின்று கோல் வாங்குவதைவிடப் பாய்ந்து வாங்குவது மனசுக்குத் தேவலை! அடிக்கிறவரின் நிலைமை இன்னும் மோசம். ‘இது போனால் வெற்றி’ என்ற உதையில் 90 சதவீதத்துக்கு மேல் கோல் ஆகிறது. ‘இது போகாவிட்டால் தோல்வி’ என்ற உதையில் 60 சதவீதத்தை ஒட்டித்தான். நார்வேயின் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் ஷூட்-அவுட்டுகளைத் தொகுத்துக் காட்டிய வித்தியாசம் இது. அதே கால், அதே பந்து, அதே 11 மீட்டர்.

இடையில் நிற்பது பதற்றம். பதற்றத்தின் கைப்பிடி மூச்சில் இருக்கிறது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்து லூச்சானோ பெர்னார்டியும் கூட்டாளிகளும் 2001இல் 23 பேரை ஜெபமாலையின் மங்கள வார்த்தை ஜெபத்தை லத்தீனில் சொல்லவைத்து, இதயத்துடிப்பையும் மூச்சையும் பதிவு செய்தார்கள். ஒரு முறை சொல்லி முடிக்கப் பத்து விநாடி அளவு ஆகிறது, மூச்சு நிமிடத்துக்கு ஆறாக இறங்குகிறது. ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் உடம்பின் இயல்பான அலையும் ஏறக்குறைய அதே தாளத்தில்தான் ஓடுகிறது. இரண்டும் இணையும்போது இதயம் சீராக ஏறி இறங்குகிறது. ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்று சொன்னவர்களுக்கும் அதே விளைவு. தூத்தூரில் விசைப்படகு கிளம்புவதற்கு முன்னும், ஆட்டத்துக்கு முன் அறையில் பூட்ஸ் கட்டும்போதும் விரல்களுக்கிடையே ஓடும் மணிகளுக்கு இப்படி ஓர் உடலியல் உண்டு என்று மணிகளை உருட்டியவர்கள் யாரும் தெரிந்து வைத்திருக்கவில்லை.

சடங்கு என்ற எண்ணமே வேலை செய்கிறது என்பது அடுத்த வியப்பு. 2016இல் வெளியான ஆய்வில் ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் குழுவினர், பலர் முன் பாட வேண்டியவர்களிடம் அர்த்தமில்லாத சில செய்கைகளைச் செய்யச் சொன்னார்கள். அதைச் ‘சடங்கு’ என்று சொல்லிக் கொடுத்தபோது படபடப்பு குறைந்து நன்றாகப் பாடினார்கள். அதே செய்கைகளைச் ‘சும்மா சில அசைவுகள்’ என்று சொல்லிக் கொடுத்தால் பலனில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இத்துறையில் காற்றில் பறந்துபோன முடிவுகளும் உண்டு. ‘இது அதிர்ஷ்டப் பந்து’ என்று சொல்லிக் கொடுத்தால் கோல்ஃப் நன்றாக ஆடுகிறார்கள் என்று 2010இல் ஜெர்மனியில் வந்த முடிவு உலகெங்கும் செய்தியானது. நான்கு ஆண்டு கழித்து அமெரிக்காவில் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவைக் காணோம். கடவுள் நம்பிக்கை உறுதியாக உள்ளவர்களுக்குத் தவறு செய்த கணத்தில் மூளையில் எழும் எச்சரிக்கை அலை சிறிதாக இருக்கிறது என்று 2009இல் டொரான்டோவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கோல் தவறியதும் தலையைத் தொங்கப் போடாத ஆட்டக்காரர்களுக்குக் கச்சிதமான விளக்கம்தான். 2020இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 193 பேரின் மூளையை ஸ்கேன் செய்து இதை ஒட்டிய தொடர்பைத் தேடினார்கள், கிடைக்கவில்லை.

பிறர் நமக்காகச் செய்யும் ஜெபத்துக்கும் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2006இல் முடிவு வெளியான அந்த அமெரிக்க ஆய்வில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர். முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்ததால் நோயாளிகளுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ‘உங்களுக்காக ஜெபிக்கிறோம்’ என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் வந்தன. ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாமல் ஜெபம் பெற்றவர்களில் 52. இது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ‘அவ்வளவு மோசமாகவா இருக்கிறேன்?’ என்ற பயமாகவும் இருக்கலாம். ஊரே கோயிலில் முழங்காலில் நிற்க, பெனால்டி எடுக்கப் போகும் இளைஞனின் தோளில் அந்த ஜெபமெல்லாம் எப்படி உட்காரும் என்று யோசித்துக்கொண்டேன். 2021 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தின் கடைசிப் பெனால்டியைத் தவறவிட்ட புகாயோ சாகாவுக்கு வயது 19. தன் கிறிஸ்தவ நம்பிக்கையை வெளிப்படையாகப் பேசுகிறவர். 2024இல் ஸ்விட்சர்லாந்துக்கு எதிரான ஷூட்-அவுட்டில் மறுபடி பந்தை வைத்தார், போட்டார்.

இதுவரை பார்த்ததெல்லாம் கேட்கும் ஜெபம். நன்றி சொல்வதை இது எதுவும் விளக்காது. 1948இல் பி.எஃப். ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 விநாடிக்கு ஒருமுறை தீனி விழும்படி வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் தாமாக ஒரு சடங்கைக் கண்டுபிடித்துக்கொண்டன. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று மூலையில் தலையை நீட்டியது. தீனி தங்கள் செய்கையால் வருகிறது என்பது போல! கோலுக்கு முந்தைய பல பழக்கங்களை இந்தப் புறாக்களை வைத்து விளக்கிவிடலாம். ஆனால் தீனி கிடைத்த பிறகு எந்தப் புறாவும் நின்று எதையும் செய்யவில்லை. அடுத்த தீனிக்கான ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது.

மனிதருக்கு இயல்பாக வருவதும் நன்றியல்ல. வென்றால் என் திறமை, தோற்றால் மைதானம் சரியில்லை. உளவியலில் திரும்பத் திரும்ப உறுதியான சாய்வுகளில் இது ஒன்று, விளையாட்டு வீரர்களிடம் நன்றாகவே தெரியும். வென்ற கணத்தில் பெருமையை வேறிடம் அனுப்புவது அந்தச் சாய்வுக்கு எதிர்த்திசையில் ஓடுவது. 2003இல் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதவைத்தவர்களுக்கு மனநிலை மேம்பட்டது. எரிச்சல்களை எழுதியவர்களைவிட அதிக நேரம் உடற்பயிற்சியும் செய்தார்கள். பிந்தைய ஆய்வுகள் இந்தப் பலன் சிறியது என்கின்றன. இருந்தாலும் உண்டு.

கிண்டலுக்கும் இடமிருக்கிறது. ‘ஜெயித்தால் கர்த்தர், தோற்றால் ரெஃப்ரி’ என்று நடந்துகொள்கிறவர்கள் பழைய சாய்வுக்கு அங்கி மாட்டிவிட்டவர்கள்தான். எதிரணியிலும் ஐந்து பேர் அதே ஆண்டவரிடம்தான் கேட்டிருப்பார்கள்.

ஆனால் லிவர்பூல் கீப்பர் அலிசன் பெக்கரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 2021 பிப்ரவரியில் பிரேசிலில் அவர் தந்தை நீரில் மூழ்கி இறந்தார். மே 16 அன்று வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுடன் ஆட்டம் 1-1. 95ஆவது நிமிடத்தில் கார்னர். வேறு வழியில்லாமல் கீப்பரே எதிர் கோலுக்கு ஓடிவந்தார், தலையால் முட்டினார், கோல். லிவர்பூல் வரலாற்றில் ஒரு கீப்பர் அடித்த முதல் கோல் அது. வானத்தை நோக்கிக் கை நீட்டியவர், பேட்டியில் அழுதுகொண்டே தந்தையையும் கடவுளையும் சொன்னார். இதில் எது திறமை, எது தற்செயல் என்று பிரிக்க உட்காரும் ஆய்வாளருக்கு என் அனுதாபங்கள்.

நன்றிக்கு அதிகாரிகளும் வரம்பு வகுத்திருக்கிறார்கள். 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதி முடிந்ததும் பிரேசிலின் காகா முழங்காலிட்டபோது உள் பனியனில் ‘நான் இயேசுவுக்குச் சொந்தம்’ என்ற வாசகம் இருந்தது. 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையை வென்றதும் பிரேசில் அணி மொத்தமும் மைதான நடுவில் வட்டமாக மண்டியிட்டு ஜெபித்தது, டென்மார்க் கால்பந்துச் சங்கம் முறையிட்டது. 2014 ஜூன் முதல் உள் பனியனில் எந்த வாசகமும் கூடாது என்று விதி. விரலுக்கு விதியில்லை. இந்திய மைதானங்களில் அதற்கு அவசியமும் வந்ததில்லை. எல்லைக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவரும், சிலுவை போடுகிறவரும், கோலடித்துத் தரையில் நெற்றி பதிக்கிறவரும் ஒரே அணியில் ஆடுகிறார்கள், ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து கட்டிப்பிடிக்கிறார்.

அந்த 7,263 கோல் ஆய்வில் இன்னொரு தகவலும் உண்டு. தற்செயலின் பங்கு குறைந்துகொண்டே வருகிறது. முதல் பருவத்தில் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தது, ஏழாவது பருவத்தில் 44 அளவு. ஆட்டக்காரரின் ஒவ்வொரு ஓட்டத்தையும் கருவிகள் அளக்கின்றன, எங்கிருந்து அடித்தால் கோலாகும் என்று கணினி சொல்கிறது, தூரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது குறைந்துவிட்டது. மலினோவ்ஸ்கி சொன்னது மட்டுமே உண்மை என்றால், கடல் கழியாக மாற மாற, வானத்தை நோக்கும் விரல்களும் குறைய வேண்டும். தூத்தூர்ப் படகுகளில் ஜிபிஎஸ் வந்துவிட்டது, மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி வந்துவிட்டது. முகப்பில் புனிதர் பெயர் எழுதுவதும், புதுப் படகைப் பங்குத்தந்தை வந்து மந்திரிப்பதும் நிற்கவில்லை.